கப்பலில் எழுதிய மொய்

எங்கள் கல்லாவிப் பக்கத்தில் ஒருவர் கையை விட்டுப் போகும் காசு ஓசையில்லாமல் போவதில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் மேஜை போட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எண்ணுவார், இன்னொருவர் நோட்டில் எழுதுவார். கொஞ்சம் விவரமான வீடாக இருந்தால் மைக்கும் இருக்கும். ஊர்ப் பெயர், அப்பா பெயர், தொகை என்ற வரிசையில் அறிவிப்பு வரும். பந்தியில் இருப்பவர்கள் ரசத்தைக் கையில் ஏந்தியபடி ஒரு நொடி நிறுத்தி, ‘போன தடவை இவனுக்கு நாம எவ்வளவு வெச்சோம்?’ என்று மனசுக்குள் கழித்துப் பார்த்துவிட்டுத்தான் உறிஞ்சுவார்கள். கொடுக்க வேண்டும், கொடுத்தது ஊருக்குத் தெரிய வேண்டும், நோட்டில் ஏற வேண்டும், ஒரு நாள் திரும்பி வரவும் வேண்டும். இந்த நாலில் ஒன்று குறைந்தாலும் அது மொய் ஆகாது.

2025 மே மாதம் ஒரு கப்பலில் ஏறும்வரை, கொடுப்பது என்றாலே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்தவன். ஒரு வாஷர் வெளியே போனாலும் கேட் பாஸ் கேட்பேன். காலியாக விட்ட கட்டத்தைப் பார்த்தால் கை அரிக்கும். உடனே குறுக்கே கோடு போட்டு ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். இல்லாவிட்டால் பின்னால் வருகிறவன் அதில் பத்து பேரிங்கை எழுதிக்கொண்டு போய்விடுவான். ஓய்வுபெற்றுக் கல்லாவிக்குத் திரும்பி, அப்பா வைத்துவிட்டுப்போன பெங்களூரா மாந்தோப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். தோப்பில் காலிக் கட்டங்கள் இல்லை. அதனால் நிம்மதியாக இருந்தேன்.

கப்பல் ஆசை என் மனைவிக்கு டிவியில் இருந்து வந்தது. 2022 ஜூனில் முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கார்டிலியா என்ற சொகுசுக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பினார். அதற்குள் நீச்சல் குளம் இருப்பதைக் காட்டினார்கள். “ஏங்க, தண்ணி மேல போற கப்பலுக்குள்ள எதுக்குங்க தண்ணி?” என்று கேட்டவள், அன்று ராத்திரியே, “ஒரு தடவை போய்ப் பாக்கணும்” என்றும் சொல்லிவிட்டாள். ஏரியையும் பாம்பாறு அணையையும் தவிர வேறு நீர்ப்பரப்பு பார்த்திராத குடும்பம் எங்களுடையது. நான் பேச்சை மாற்றினேன். மூன்று வருஷம் மாற்ற முடிந்தது.

அப்புறம் சிங்கப்பூரிலிருந்து மகள் போன் செய்தாள். “அப்பா, இங்க வர்றீங்க இல்ல, அப்படியே உங்க ரெண்டு பேருக்கும் கப்பல் டிக்கெட் போட்டுட்டேன். நாலு ராத்திரி. பினாங்கு, புக்கெட் போயிட்டு வரும். எல்லாமே இன்க்ளூடட்.” ஸ்டோர்ஸ்காரனுக்கு ‘எல்லாமே’ என்ற சொல்லில் நம்பிக்கை கிடையாது. “எல்லாமேன்னா?” என்று கேட்டேன். “ரூம், சாப்பாடு, ஷோ எல்லாம்பா. டிப்ஸ் மட்டும்...” என்றபோது சிக்னல் போய்விட்டது. எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே நின்றால் சிக்னல் கிடைக்காது. அந்த இடத்தில் நின்று முக்கியமான எதையும் கேட்கக் கூடாது என்பதைப் பன்னிரண்டாயிரத்துச் சொச்சம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

கல்லாவியிலிருந்து காரில் கிளம்பினோம். கிருஷ்ணகிரி டோல்கேட்டில் ஒரு ‘பீப்’. அத்திப்பள்ளியில் ஒரு ‘பீப்’. பெங்களூர் விமான நிலையத்துக்கு முன்னால் இன்னொரு ‘பீப்’. கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் பார்த்துக்கொள்ளும், நாம் ஜன்னலைக்கூட இறக்க வேண்டியதில்லை. முன்பெல்லாம் டோல்கேட்டில் காசு கொடுக்கும்போது இரண்டு வார்த்தை திட்டிவிட்டுக் கொடுக்கலாம், மனசு ஆறும். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை. கப்பல் வாழ்க்கைக்கு இதுவே முன்னோட்டம் என்பது அப்போது உறைக்கவில்லை.

சிங்கப்பூர் துறைமுகத்தில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை கொடுத்தார்கள். அதுதான் ரூம் சாவி, அதுதான் அடையாள அட்டை, அதுதான் பர்ஸ். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. எதை வாங்கினாலும் அட்டையை நீட்ட வேண்டும், கணக்கு ரூம் பேரில் ஏறும், கடைசி ராத்திரி பில் வரும். இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவர் மனிதர்களைக் கரைத்துக் குடித்தவராக இருக்க வேண்டும். பர்ஸைத் திறந்தால் காந்தி நம்மைப் பார்ப்பார், நாம் ஒரு நிமிஷம் யோசிப்போம். பிளாஸ்டிக் அட்டையில் யார் பார்க்கிறார்கள்? மகள் தன் கடன் அட்டையைக் கொடுக்கிறேன் என்றாள். மகள் காசில் ஜூஸ் குடிக்கிற பழக்கம் இல்லையென்று வீறாப்பாகச் சொல்லி என் அட்டையைக் கொடுத்தேன். வீறாப்புக்கு மட்டும் அந்தப் பில்லில் தனி வரி போடவில்லை. பாக்கி எல்லாவற்றுக்கும் போட்டிருந்தார்கள்.

இதே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் ஆட்கள் ஒரு காலத்தில் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ‘ரஜூலா’வில் போனார்கள். 1926-இல் கட்டிய கப்பல், கிட்டத்தட்ட ஐம்பது வருஷம் ஓடியது. அதன் பிறகு ‘சிதம்பரம்’ வந்தது. 1985-இல் அது தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது. மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள்தான் அதிகம். அவர்களுக்கு யாரும் டவலில் யானை செய்து வைக்கவில்லை.

எங்களுக்கு வைத்தார்கள். முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ரூமுக்கு வந்தால் கட்டில் மேல் வெள்ளை யானை. தும்பிக்கை, காது, வால் எல்லாம் அச்சு அசல். என் மனைவி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மறுநாள் ஒரு முயல். அடுத்த நாள் துணி மாட்டும் கொக்கியிலிருந்து தொங்கும் ஒரு குரங்கு. இதில் ஒரு சிக்கல் இருந்தது. குளிக்கப் போனால் துடைத்துக்கொள்ளத் துண்டு குறைந்தது. “யானையைப் பிரிச்சு எப்படிங்க முதுகு தொடைக்கிறது? பாவமில்ல?” என்று அவள் மூன்றையும் சோபாவில் வரிசையாக உட்கார வைத்துவிட்டாள். நாங்கள் ஊரிலிருந்து கொண்டுபோன ஈரிழைத் துண்டில் துவட்டிக்கொண்டோம்.

துண்டு இலவசம். சாப்பாடும் இலவசம். அதைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலை ஆறரை மணிக்கு இட்லிக்குப் பதிலாக எட்டு வகை ரொட்டி, மத்தியானம் ஒரு மூலையில் பருப்பும் சாதமும்கூட இருந்தது. ஆனால் அதே கப்பலில் காசு கொடுத்துச் சாப்பிடும் ஓட்டல்களும் நாலைந்து உண்டு. கல்யாண வீட்டில் பந்தி நடக்கும்போது பக்கத்திலேயே பரோட்டாக் கடை போட்டது மாதிரி. அங்கேயும் கூட்டம். பக்கத்து டேபிளில் இருந்தவர், “இலவசம் என்றால் நாக்குக்குப் பிடிப்பதில்லை” என்று ஆங்கிலத்தில் சொன்னார். எங்கள் ஊர் மண்டபத்துக்கு அவர் வந்ததில்லை.

டீயும் சாதாரணக் காப்பியும் இலவசம். ஆனால் நுரை வந்தால் காசு. இது தெரியாமல் என் மனைவி நுரை பொங்கும் காப்பி ஒன்றைக் கேட்டுவிட்டாள். ஐந்து டாலர். குழாய்த் தண்ணீர் இலவசம், பாட்டில் தண்ணீர் நாலு டாலர். மதுவுக்கு ‘பேக்கேஜ்’ என்று ஒன்று உண்டு. ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டால் குடித்துக்கொண்டே இருக்கலாம். ஆனால் ஒரே ரூமில் இருக்கும் பெரியவர்கள் எல்லோரும் அந்த பேக்கேஜை வாங்க வேண்டும் என்பது பல கப்பல்களில் விதி. ஒருவர் வாங்கி இன்னொருவருக்கு ஊற்றிக் கொடுத்துவிடுவாராம். என் மனைவிக்கும் சேர்த்து பேக்கேஜ் எடுக்கச் சொன்ன விற்பனைப் பெண்ணிடம், என் மனைவி ஒரு ஜெலுசில் பாட்டிலை முடிக்கவே ஆறு மாதம் எடுத்துக்கொள்பவள் என்பதை எப்படி விளக்குவது?

வைஃபை ஒரு நாளைக்கு இருபது டாலர். தங்கச்சி வயிறெரிய ஒரு போட்டோ அனுப்ப வேண்டும் என்பதற்காக ஒரே ஒரு நாள் வாங்கினோம். தங்கச்சி பாரூரில் அந்த நேரத்தில் போனை சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் பார்த்துவிட்டு ஒரு கட்டை விரலைப் பதிலாக அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்க்க எங்களுக்கு இன்னொரு இருபது டாலர் ஆகும் என்பதால், ஊர் வந்துதான் பார்த்தோம்.

போட்டோக்காரர்கள் வேறு. கப்பல் ஏறும்போதே ஒரு வளையத்தைக் கையில் கொடுத்து எடுத்தார்கள். இறங்கும்போது எடுத்தார்கள். சாப்பிடும்போது வாயில் ரொட்டியோடு எடுத்தார்கள். எடுப்பதற்குக் காசு கேட்கவில்லை. சாயந்தரம் ஒரு நீளமான சுவரில் எல்லோர் படத்தையும் மாட்டி வைத்திருந்தார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் மாதிரி ஆயிரம் பேர் அந்தச் சுவர் ஓரமாக நடந்தார்கள். ஒரு படம் இருபது டாலர். இரண்டு வாங்கினோம். ஒன்றில் என் மனைவி கண்ணை மூடியிருக்கிறாள். அதற்கும் அதே விலைதான்.

எல்லாவற்றையும்விட மாம்பழத்தை என்னால் மறக்க முடியாது. மூன்றாம் நாள் வெயிலில், நீச்சல் குளத்துப் பக்கத்தில், மாம்பழ ஜூஸ் ஒன்று கேட்டேன். ஒன்பது டாலர். மேலே பதினெட்டு சதவீதம் சேவைக்கு என்று அவர்களே போட்டுக்கொண்டார்கள். ஆக 10 டாலர் 62 சென்ட். அன்றைய கணக்கில் டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் 903 ரூபாய். குடித்தேன். நாக்குக்கு ஏதோ உறவுக்காரரைப் பார்த்தது மாதிரி இருந்தது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் விளையும் பெங்களூரா, கிளிமூக்கு மாங்காய் என்று மற்ற ஊர்களில் சொல்கிறார்களே அதுதான், கூழாக்கி டின்னில் அடைக்கப்பட்டு உலகத்தின் பல மூலைகளுக்குப் போகிறது. இந்தத் தம்ளருக்குள் இருப்பது எந்த ஊர்ப் பழம் என்று கேட்டேன். “ஃப்ரெஷ் சார்” என்றான் பையன். ஊர் திரும்பிய ஜூன் மாதத்தில் அதே பெங்களூராவுக்குக் கிலோ ஐந்து ரூபாய்க்கு மேல் தரமாட்டேன் என்று வியாபாரி தோப்பில் நின்றபடி சொன்னார். அந்தக் கணக்கில் நான் ஒரே மூச்சில் நூற்றெண்பது கிலோ மாங்காயைக் குடித்திருக்கிறேன். பறிகூலி, வண்டி வாடகை தனி.

ஜூஸோடு ஒரு சீட்டு வந்தது. விலை ஒரு வரி. சேவைக்குப் பதினெட்டு சதவீதம் ஒரு வரி. அதற்குக் கீழே ‘கூடுதல் டிப்ஸ்’ என்று ஒரு காலிக் கட்டம்! எடுத்துக்கொண்ட பிறகு இன்னும் கொஞ்சம் வைக்கிறாயா என்று கேட்கும் கட்டம். முப்பத்தோரு வருஷப் பழக்கம் சும்மா இருக்குமா? பேனாவை வாங்கிக் குறுக்கே கோடு போட்டு, தமிழில் ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பையன் அதை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். தமிழில் ஏதோ பெரிய தொகை எழுதியிருக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, அன்று முழுக்க எனக்கு விசேஷ மரியாதை.

இதையெல்லாம் புதுமை என்று சொன்னால் ஒகேனக்கல் கோபித்துக்கொள்ளும். பென்னாகரம் தாண்டி காவிரியில் பரிசல் ஏறினவர்களுக்கு இது புரியும். பரிசல் கட்டணம் போர்டில் எழுதியிருக்கும். அது டிக்கெட். ஏறுவதற்கு முன்னால் எண்ணெய் மசாஜ், அது ஸ்பா. மீன் வாங்கிக் கொடுத்தால் வறுத்துத் தரும் அம்மாக்கள், மீனுக்கு ஒரு விலை, வறுப்பதற்கு ஒரு விலை, அது ஸ்பெஷல் ஓட்டல். பாறைகளுக்கு நடுவே போய்க்கொண்டிருக்கும்போது இன்னொரு பரிசலில் சிப்ஸும் கூல்டிரிங்க்ஸும் மிதந்து வரும், அது கப்பல் கடை. பரிசல்காரர் ஆற்றின் நடுவே பரிசலைக் கிறுகிறுவென்று சுற்றிக் காட்டிவிட்டு, கரை வந்ததும், “பாத்துப் போட்டுக் குடுங்க சார்” என்பார். இங்கே ஒரே ஒரு வித்தியாசம், அது பெரிய வித்தியாசம். அவர் கேட்பார். நாம் ஐம்பதை எடுப்போம், அவர் முகத்தைப் பார்ப்போம், நூறாக்குவோம். அவர் துடுப்பை நெஞ்சோடு அணைத்துக் கும்பிடுவார். அடுத்த பரிசலுக்கு நிற்பவர்கள் பார்ப்பார்கள். நூறு ரூபாய்க்கு இவ்வளவு வேறு எங்கே கிடைக்கும்?

கப்பலிலும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்ததாம். கடைசி ராத்திரி ரூமில் வெறும் கவர்கள் வைப்பார்கள். ரூம் பார்த்தவருக்கு ஒன்று, பரிமாறியவருக்கு ஒன்று, அவருடைய உதவியாளுக்கு ஒன்று. நாம் காசை உள்ளே வைத்துக் கையில் கொடுக்க வேண்டும். கிட்டத்தட்ட நம் மொய்க் கவர். அந்த ராத்திரி சில பயணிகள் சாப்பாட்டு அறைக்கே வராமல் பதுங்கிவிடுவார்களாம். மொய் எழுதாமல் பந்தியில் மட்டும் உட்காருகிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். 2000 வாக்கில் தொடங்கி ஒவ்வொரு கம்பெனியாகக் கவரை ஒழித்துவிட்டு, ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிலேயே ஏற்றிவிட ஆரம்பித்தார்கள். நாங்கள் போன சமயம் பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் சாதாரண ரூமுக்கு அது பதினாறிலிருந்து இருபது டாலர் வரை இருந்தது. இத்தனைக்கும் அமெரிக்காவிலேயே டிப்ஸ் கொடுப்பதைக் குற்றமாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். 1909-இல் வாஷிங்டன் மாநிலம் ஆரம்பித்தது, இன்னும் சில மாநிலங்கள் சேர்ந்துகொண்டன. 1926-க்குள் எல்லாச் சட்டமும் ரத்தாகிவிட்டது. டிப்ஸ் வென்றது.

எங்கள் ரூமைப் பார்த்துக்கொண்ட பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். குரங்கு தொங்கிய அன்று என் மனைவி, “இந்தக் கொரங்கை எங்க உக்கார வெக்கிறது, யானை பக்கத்துல வெச்சா சண்டை போடுமே” என்று தனக்குள் பேசிக்கொண்டிருந்தாள். வாசலில் யாரோ சிரித்தார்கள். பார்த்தால் அவன்தான். மூன்று நாளாக “குட் மார்னிங் மேடம்” என்றவன், “அம்மா, நான் தூத்துக்குடிப் பக்கம்” என்றான். அதன் பிறகு ரூமில் நடந்தது பேச்சு இல்லை, விசாரணை. அப்பா என்ன செய்கிறார், தங்கை என்ன படிக்கிறாள், கல்யாணம் எப்போது, மாசம் எவ்வளவு வரும். கடைசிக் கேள்விக்கு அவன் சிரித்தான். அடிச்சம்பளம் கொஞ்சம்தான், பாக்கி இந்த டிப்ஸ் பொதுக் கணக்கில் இருந்து வர வேண்டும் என்றான். “அது எனக்கு மட்டும் இல்லம்மா. ரூம் பாக்கிறவங்க, பரிமாறுறவங்க, பின்னால லாண்டரியில நிக்கிறவங்க, எல்லாருக்கும் சேத்துத்தான் பங்கு.”

“லீவு எந்தக் கிழமை தம்பி?” என்று என் மனைவி கேட்டாள்.

“எட்டு மாசம் காண்ட்ராக்ட்டும்மா. அது முடிஞ்சா லீவு.”

ஸ்டோர்ஸ் மூளை வேலை செய்தது. கப்பல்காரர்களுக்கென்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2006-ஆம் வருஷத்து ஒப்பந்தம் ஒன்று இருக்கிறது, 2013-இல் நடைமுறைக்கு வந்தது. வேலை வாரத்துக்கு 72 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அல்லது ஓய்வு 77 மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. இந்த இரண்டில் எதைப் பிடித்துக்கொள்வது என்பது கப்பல் பதிவான நாட்டின் இஷ்டம். வாரத்துக்கு 168 மணி. 77-ஐக் கழித்தால் 91. எங்கள் ஓசூர் ஆலையில் நான் இருந்தபோது தொழிற்சாலைச் சட்டப்படி 48. அதற்கு மேல் ஒரு மணி நேரம் போனால் யூனியன்காரர் என் டேபிளில் வந்து உட்கார்ந்துவிடுவார். இங்கே யூனியன்காரர் வந்து உட்கார வேண்டுமென்றால் நீந்தித்தான் வர வேண்டும்.

இவ்வளவு தெரிந்தும், கடைசி ராத்திரி கதவுக்கு அடியில் அந்தக் காகிதம் நுழைந்தபோது எனக்குக் கோபம் வந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆளுக்கு ஒரு நாளைக்குப் பதினெட்டு டாலர், இரண்டு பேர், நாலு ராத்திரி: 144 டாலர். பன்னிரண்டாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். அதோடு ஜூஸ், நுரை, தண்ணீர், தங்கச்சி வயிற்றெரிச்சல், மூடிய கண் எல்லாம் சேர்ந்து மொத்தம் பத்தொன்பதாயிரத்தைத் தாண்டியது. மற்றதெல்லாம் நான் கேட்டு வாங்கினது. இந்த 144 மட்டும் நான் கொடுக்காமலே கொடுத்தது.

சட்டம் பேசலாம் என்று கிளம்பினேன். நம் நாட்டில் ஓட்டல்காரர்கள் சர்வீஸ் சார்ஜைத் தாமாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது. ஓட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 மார்ச் 28-ஆம் தேதி டெல்லி உயர் நீதிமன்றம், ஆணையம் சொன்னது சரி, கட்டாயப்படுத்தக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டே மாதத் தீர்ப்பு, சூடு ஆறவில்லை. பேப்பரில் வந்ததை வெட்டி வைக்காமல் போனேனே என்று வருத்தப்பட்டுக்கொண்டே லிப்டில் இறங்கினேன். ஆனால் கப்பலின் பின்பக்கத்தில் ‘நசாவ்’ என்று எழுதியிருந்ததைக் காலையில்தான் பார்த்திருந்தேன். பஹாமாஸ் தீவுகளின் தலைநகரம். கப்பல் அங்கே பதிவாகியிருக்கிறதாம். ஏறியது சிங்கப்பூர், ஏறியவன் கல்லாவி, கம்பெனி அமெரிக்கா, கொடி பஹாமாஸ். டெல்லித் தீர்ப்பு இந்த வரிசையில் எங்கே போய் நிற்கும்?

கவுன்டரில் எனக்கு முன்னால் ஒன்பது பேர். எல்லோர் கையிலும் அதே காகிதம். டிப்ஸை எடுத்துவிடச் சொல்லிக் கேட்டால் எடுத்துவிடுவார்கள் என்று வரிசையில் இருந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ரேஷன் கடையில் வசதியானவர்கள் நிற்கும்போது சுவரைப் பார்ப்பார்களே, அது மாதிரி.

என் முறை வந்தது. கவுன்டர் பெண் சிரித்தபடி ஒரு படிவத்தைத் தள்ளினாள். ரூம் நம்பர், பெயர், தொகை. அதற்குக் கீழே ‘காரணம்’ என்று ஒரு கட்டம். “சேவையில் ஏதாவது குறை இருந்ததா, சார்?” என்று கேட்டாள்.

இங்கேதான் மாட்டிக்கொண்டேன். முப்பத்தோரு வருஷத்தில் காரணம் எழுதாமல் நான் ஒரு போல்ட்டைக்கூட ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பியதில்லை. ‘மரை தேய்ந்தது’, ‘அளவு தவறு’, ‘துருப் பிடித்தது’, ஏதாவது ஒன்று இருக்க வேண்டும். இங்கே என்ன எழுதுவது? ‘யானையின் காது சிறிது’ என்றா? அந்தக் காதில் ஒரு குறையும் இல்லை. ‘குளிக்கத் துண்டு போதவில்லை’ என்று எழுதலாம், ஆனால் மூன்று துண்டும் எங்கள் சோபாவில்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அந்தக் கட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எங்கள் பழைய களத்துமேடு ஞாபகம் வந்தது. நான் சின்னப் பையனாக இருந்தபோது கேழ்வரகு அடித்துத் தூற்றிக் குவித்ததும், குவியலில் இருந்து வீட்டுக்கு ஒரு மூட்டையும் போகாது. முதலில் தச்சருக்கு, கொல்லருக்கு, துணி வெளுப்பவருக்கு, முடி திருத்துபவருக்கு, தண்ணீர் கட்டுபவருக்கு என்று வள்ளம் வள்ளமாக அளந்து போடுவார் தாத்தா. மேரை என்று பெயர். அது போக மீதிதான் எங்களுடையது. யோசித்தால் இதுவும் தானாகப் பிடித்துக்கொள்ளும் டிப்ஸ்தான். ஆனால் தாத்தா அளக்கும்போது நிமிர்ந்து நிற்பார். வாங்குகிறவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நிற்பார். தாத்தா கணக்கில் அது தர்மம். குனிந்தவர் கணக்கில் அது வருஷம் முழுக்கச் செய்த வேலைக்குக் கூலி. அந்தக் குனிவைத்தான் கப்பல்காரன் கணக்கிலிருந்து எடுத்துவிட்டான். எனக்கு வந்த கோபம் 144 டாலருக்கு இல்லை போலிருக்கிறது. குனிவு கிடைக்காமல் போன கோபம். இதை ஆங்கிலத்தில் எழுத எனக்கு வராது, கட்டமும் சின்னது.

குறுக்கே கோடு போட்டேன். ‘இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, படிவத்தைத் திருப்பித் தள்ளிவிட்டு வந்தேன். அந்தப் பெண் இன்றுவரை அதை எந்த ஃபைலில் வைப்பது என்று தேடிக்கொண்டிருக்கக்கூடும்.

ரூமுக்கு வந்தால் என் மனைவி இருபது டாலர் நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறாள். மகள் கைச்செலவுக்குக் கொடுத்தது. “அந்தப் பையனுக்கு நம்ம கையால ஒண்ணும் குடுக்கலியே.” பில்லில் 144 போய்விட்டதே என்றேன். “அது கப்பல் எடுத்துக்கிட்டது. நாம எங்க குடுத்தோம்?” என்றாள். நான் கவுன்டர் வரைக்கும் போய்க் களத்துமேடு வழியாகச் சுற்றி வந்த விஷயத்தை அவள் கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லிவிட்டாள். முப்பத்தைந்து வருஷமாக இப்படித்தான் நடக்கிறது, அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பையனை வராந்தாவில் பிடித்தோம். நோட்டை வெற்றிலை பாக்குக் கொடுப்பது மாதிரி இரண்டு கையாலும் கொடுத்தாள். அவன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நாம் எல்லோரும் செய்வது போல் பையை மட்டும் கொஞ்சம் விரித்துக் காட்டினான். நான் சுற்றும் முற்றும் பார்த்தேன். நீளமான வராந்தா, மூடிய கதவுகள், ஒரு ஈ காக்கை இல்லை. மேலே ஒரு சிசிடிவி மட்டும் பார்த்துக்கொண்டிருந்தது. மைக் இருந்திருந்தால் ‘கல்லாவி’ என்ற பெயர் நடுக்கடலில் ஒரு தடவையாவது கேட்டிருக்கும்.

ஊர் வந்ததும் என் மனைவி மொய் நோட்டை எடுத்தாள். நாங்கள் எழுதினவை ஒரு பக்கம், எங்களுக்கு வந்தவை ஒரு பக்கம். எழுதின பக்கத்தில் பையன் பெயரையும் தூத்துக்குடி என்ற ஊரையும் போட்டு, இருபது டாலர் என்று எழுதினாள். அதற்குக் கீழே ‘கப்பல்’ என்று எழுதி ரூ. 12,240 என்று போட்டாள். திரும்பி வராத காசை நோட்டில் ஏற்றக் கூடாது என்று ஸ்டோர்ஸ் சட்டம் சொன்னேன். அவள் காதில் வாங்கவில்லை.

போன மாதம் வாட்ஸாப்பில் ஒரு பத்திரிகை வந்தது. பையனின் தங்கைக்குக் கல்யாணம். “அம்மா அப்பா அவசியம் வரணும்” என்று குரலிலும் அனுப்பியிருந்தான். பின்னால் அலைச் சத்தம் கேட்டது. காண்ட்ராக்ட் முடியவில்லை போலிருக்கிறது. மொய் எவ்வளவு எழுதுவது என்று பேசினோம்.

“கப்பல்ல ஏற்கெனவே பன்னெண்டாயிரத்து எரநூத்தி நாப்பது எழுதியிருக்கோமே, அதைக் கழிச்சுக்கலாமா?” என்று கேட்டாள்.

“அது பொதுக் கணக்குக்குப் போயிருக்கும். அதுல இந்தப் பையன் பங்கு எவ்வளவுன்னு தெரியாம எப்படிக் கழிக்கிறது?”

கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்தக் கப்பல்ல வேலை பாக்கிறவங்க எத்தனை பேருங்க இருப்பாங்க?”

“ஆயிரத்துக்கு மேல இருப்பாங்க.”

“அப்ப நம்ம பேரன் காதுகுத்துக்கு எல்லாருக்கும் பத்திரிகை வெச்சுடுங்க” என்று நோட்டை மூடினாள். “மண்டபம் கொஞ்சம் பெருசா பாக்கணும்.”